காம்ப்ளெக்ஸுக்குத் தாழ்வாரம் இறக்கிய கதை

அந்தத் தூணை டெம்போவில் படுக்கவைத்துக் கொண்டுவந்தார்கள். பத்தடி உயரம், பளீர் வெள்ளை, உச்சியில் இலை இலையாகச் சுருண்ட வேலைப்பாடு. இறக்குவதற்கு நாலு ஆள் வேண்டியிருக்கும் என்று பார்த்தால், டிரைவர் ஒருத்தரே தோளில் சாய்த்து எடுத்துவந்து வாசலில் நிறுத்திவிட்டார். பெரியப்பா விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். டொக் டொக் என்றது, காலிக் குடம் மாதிரி.

"எப்புடி கண்ணு, அரமனைத் தூணாட்டம் இருக்குதில்ல?" என்றார்.

"இருக்குதுங்க பெரியப்பா" என்றேன். வேறென்ன சொல்வது.

கொங்கு நாட்டில் யாருக்கும் இந்தத் தூணை விளக்க வேண்டியதில்லை. அவிநாசியிலிருந்து பல்லடம் வரைக்கும் எந்தக் கல்யாண மண்டபத்துக்குப் போனாலும் வாசலில் நாலு நிற்கும். 'ரோமன் தூண்' என்பார்கள். பெரியப்பாவுக்கு அதில் இருபத்தாறு வேண்டும். காம்ப்ளெக்ஸைப் புதுசு பண்ணுகிறார். பேரன் போனில் காட்டிய படத்தைப் பார்த்துவிட்டு, "கிளாசிக்கலா பண்ணிக் குடு" என்று என்னிடம் சொல்லியிருந்தார். நான் ஆர்க்கிடெக்ட் இல்லை. கோயம்புத்தூரில் ஒரு கான்ட்ராக்டரிடம் பதினாறு வருஷமாக பிளான் வரைகிறவன். சொந்தத்தில் ஒருத்தன் பிளான் வரைந்தால், எல்லா ஒறம்பரைக்கும் அவன்தான் இலவச எஞ்சினியர் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதானே.

இந்தத் தடவை மட்டும் எனக்குக் கோபம் வரவில்லை. 'கிளாசிக்கல்' என்ற அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டேன். சரி, கிளாசிக்கலாகவே பண்ணிப் பார்த்துவிடலாம் என்று.

காம்ப்ளெக்ஸ் இருப்பது காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவில் ஓர் ஊரில். ஊர்ப் பெயர் வேண்டாம், பங்காளிகள் படிப்பார்கள். 1996இல் கடலைக்காடாக இருந்த இடத்தில் பெரியப்பாவும் இரண்டு பங்காளிகளும் சேர்ந்து கட்டியது. 'ப' என்ற எழுத்து மாதிரி மூன்று பக்கமும் கடைகள், திறந்த பக்கம் மேற்கே ரோட்டைப் பார்த்து. வடக்கு வரிசை தெற்குப் பார்க்கும், தெற்கு வரிசை வடக்குப் பார்க்கும், கடைசி வரிசை நேர் மேற்கே பார்க்கும். மொத்தம் 36 ஷட்டர். நடுவில் வெறும் மண் தரை, அதில் தாறுமாறாக பைக்குகள். நான் போன அன்று 17 ஷட்டர் பூட்டிக் கிடந்தன. ஆட்டை ஓட்டிக்கொண்டு போன பிறகு பட்டி எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

வியாபாரம் ஏன் படுத்தது என்பதற்கு ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். ஆன்லைன் என்றார் ஒருத்தர். வாஸ்து என்றார் இன்னொருத்தர்; அதற்காக ஒரு வழியை அடைத்து வேறொரு வழி திறந்து, அதற்கும் செலவு செய்தாயிற்று. எனக்கு உறுத்தியது வேறு. இருநூறு கஜம் தள்ளி வாரச் சந்தை. திங்கட்கிழமை ஆனால் அங்கே கால் வைக்க இடமிருக்காது. வாகை மரத்தடியில் சாக்கை விரித்து வெங்காயம் கொட்டி வைத்திருப்பவரிடம் ஜனங்கள் நின்று பேசி, பேரம் பேசி, பலகாரம் வாங்கித் தின்று, பொழுது சாய வீட்டுக்குப் போகிறார்கள். அதே ஜனங்கள் காம்ப்ளெக்ஸுக்கு வந்தால் பைக்கை விட்டே இறங்குவதில்லை. என்ஜின் ஓட, ஒரு காலைத் தரையில் ஊன்றியபடி, "அண்ணா, ஒரு ரீசார்ஜ்." முடிந்தது. இரண்டு இடத்துக்கும் ஆன்லைன் ஒன்றுதான், ஆளும் ஒன்றுதான்.

சனிக்கிழமை டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்தேன். முற்றம் கிழக்கு மேற்காக 150 அடி, தெற்கு வடக்காக 100 அடி. நோட்டில் எழுதிவிட்டுப் பார்த்தபோது சிரிப்பு வந்தது. விட்ருவியஸ் என்று ஒரு ரோமானிய எஞ்சினியர், கிறிஸ்துவுக்கு முந்தைய நூற்றாண்டுக்காரர். கட்டடக் கலையைப் பற்றிப் பத்துப் பாகம் எழுதி வைத்துவிட்டுப் போனவர். ஊர் நடுவே சந்தையும் வழக்கும் கூட்டமும் எல்லாமாக இருக்கும் மன்றை எப்படி அமைக்க வேண்டும் என்று அதில் சொல்கிறார். நீளத்தை மூன்றாக்கி, அதில் இரண்டு பங்கு அகலம் வை என்கிறார். 150க்கு 100! கடலைக்காட்டில் கயிறு பிடித்த மேஸ்திரி ரோமாபுரிக் கணக்கைத் தெரியாமலே போட்டுவிட்டார்.

ஆனால் அதே இடத்தில் அவர் இன்னொன்றும் சொல்கிறார். மன்றின் அளவு ஊர் ஜனத்துக்குத் தக்கபடி இருக்க வேண்டும். சின்னதாய் இருந்தால் இடிபடுவார்கள். பெரிதாய் இருந்தால் ஆளில்லாத பாழிடம் மாதிரித் தெரியும். நம் கதை இரண்டாவது. அதற்கு ஒரு கணக்கு வேண்டுமே என்று தேடினால், 15ஆம் நூற்றாண்டு இத்தாலிக்காரர் ஆல்பர்ட்டி கொடுக்கிறார்: சுற்றியுள்ள கட்டடத்தின் உயரம் திறந்தவெளி அகலத்தில் மூன்றில் ஒன்று இருந்தால் நல்லது, ஆறில் ஒன்றுக்குக் கீழே போகக்கூடாது. நம் கடைகளின் உயரம் கைப்பிடிச் சுவரோடு சேர்த்து 11 அடி. அகலம் 100 அடி. ஒன்பதில் ஒன்று. அவ்வளவுதான், இதற்கு மேல் வாஸ்துக்காரர் எதற்கு?

புத்தகத்தில் இருப்பதால் மட்டும் நான் இதை நம்பவில்லை. இட்டேரியில் நடந்து வளர்ந்தவர்களுக்கு இது உடம்பிலேயே தெரியும். இரண்டு பக்கமும் கிளுவை வேலி ஆள் உயரத்துக்கு நிற்க, நடுவில் ஒரு வண்டி போகிற அகலம். வெயில் காலத்திலும் இட்டேரியில் ஒரு மைல் நடப்பது நடையாகவே தெரியாது. அதே ஒரு மைலை வேலியில்லாத மேட்டாங்காட்டில் நடந்து பாருங்கள். வெயில் மட்டுமில்லை காரணம். இரண்டு பக்கமும் ஏதோ ஒன்று கூடவே வருவது போல இருக்க வேண்டும்.

உயரத்தைக் கூட்ட வழியில்லை. மாடி கட்டினால் இந்த ஊரில் யார் ஏறுவார்கள்? அப்படியானால் அகலத்தைக் குறைக்க வேண்டியதுதான். இரண்டு பக்கமும் ஏழேழு அடி தாழ்வாரம் இறக்கினால் மிச்சம் 86. நடுவில் 16 அடிக்கு ஒரு மேடையும் மரமுமாக நீளவாக்கில் ஓட்டினால், இந்தப் பக்கம் 35, அந்தப் பக்கம் 35. பாழ் முற்றம் இரண்டு வீதியாகிவிடும். முப்பத்தைந்துக்கு 11, கிட்டத்தட்ட மூன்றில் ஒன்று. அந்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. பதினாறு வருஷத்தில் பாத்ரூம் எங்கே, படி எங்கே என்று மட்டும் வரைந்தவனுக்கு இப்படி ஒரு கணக்கு கையில் வந்து விழுவது பெரிய விஷயம்.

ஏழடி என்பது சும்மா சொன்னதில்லை. இங்கேதான் ரோமாபுரியை விட்டுவிட்டு நம் ஊர்ச் சூரியனிடம் வர வேண்டும். நாம் இருப்பது 11 டிகிரி அட்சத்தில். சித்திரையில் ஒரு நாள், ஆவணியில் ஒரு நாள் உச்சிப்பொழுதில் சூரியன் நேர் தலைக்கு மேலே நிற்கும். நட்டுவைத்த குச்சிக்கு நிழலே விழாது. இந்த இரண்டு நாளுக்கும் நடுவில் உள்ள நாலு மாசம் உச்சி வெயில் வடக்கிலிருந்து வரும். மற்ற எட்டு மாசம் தெற்கிலிருந்து. மார்கழியில் மிகவும் சாய்ந்து, உச்சியிலேயே 55 டிகிரியில்தான் நிற்கும். அப்போது ஏழடி தாழ்வாரம் பத்தடிச் சுவருக்கு நிழல் கொடுக்கும். ஷட்டர் உயரம் எட்டடிதான். ஆக, தெற்குப் பார்த்த வரிசையில் உச்சிவெயில் வருஷம் பூராவும் கடைக்குள் நுழையாது. வடக்குப் பார்த்த வரிசைக்கு இரண்டரை அடி சன்ஷேடே போதும்.

மாட்டிக்கொள்வது மேற்குப் பார்த்த வரிசைதான். பங்குனியில் மாலை நாலரைக்குச் சூரியன் 30 டிகிரிக்கும் கீழே இறங்கிவிடும். ஏழடி தாழ்வாரத்தின் நிழல் அப்போது நாலடிகூட இறங்காது. தாழ்வாரத்தின் விளிம்பு ஏழரை அடி உயரத்தில் இருந்தால், அதற்குக் கீழே நுழைகிற வெயில் கடைச் சுவரில் இடுப்பளவுக்கு ஏறி நிற்கும். அந்த வரிசையில் ஒரு பாத்திரக் கடை அம்மா இருக்கிறார். நாலு மணிக்கு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே இருட்டில் உட்கார்ந்திருப்பார். எவர்சில்வரில் வெயில் பட்டு எதிரே வருகிறவர் கண்ணைக் குத்தும். பக்கத்து ரெடிமேட் கடைக்காரர் முன்வரிசையில் தொங்கவிட்ட சட்டைகளுக்கு ஒரு தோள் மட்டும் வெளுத்துவிட்டதைக் காட்டினார். ஒரு தோள் நீலம், ஒரு தோள் சாம்பல். பாதி விலைக்கும் போகவில்லையாம்.

பிளான் ஒரு வழியாக உருவானது. தூணுக்கு வந்தால்தான் சிக்கல். பெரியப்பா மனசில் வெள்ளைத் தூண் குடியேறிவிட்டது. மாதிரிக்கு வந்த தூண் அவர் வீட்டு வாசலில் வேப்பமரத்தில் சாய்ந்து கிடந்தது. கட்டிலில் உட்கார்ந்தபடி அதைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"இது என்ன எலை கண்ணு? முட்டைக்கோசாட்டம்?"

அகந்தஸ் என்று ஒரு செடியின் இலை என்றேன். கேட்டதால் கதையையும் சொன்னேன். இதுவும் விட்ருவியஸ் எழுதி வைத்ததுதான். கொரிந்து என்ற ஊரில் கல்யாண வயசில் ஒரு பெண் நோய்வந்து செத்துப்போனாள். அவளை வளர்த்த செவிலி, அந்தப் பெண் ஆசையாய் வைத்திருந்த சாமான்களை ஒரு கூடையில் போட்டு, சமாதிமேல் வைத்து, மழையில் நனையாமலிருக்க மேலே ஒரு கூரை ஓட்டால் மூடிவிட்டுப் போனாள். கூடைக்கு அடியில் அகந்தஸ் வேர் இருந்தது. வசந்த காலத்தில் இலைவிட்டு, கூடையைச் சுற்றிப் படர்ந்து, ஓட்டின் மூலையில் முட்டிச் சுருண்டுகொண்டது. அந்த வழியாகப் போன கல்லிமாக்கஸ் என்ற சிற்பி பார்த்துவிட்டு, அதையே தூண் தலைக்கு வேலைப்பாடாகச் செதுக்கினார். அழகான கதை. எனக்கு ரொம்பப் பிடித்த கதை.

பெரியப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "ஏங் கண்ணு, கன்னி கழியாத புள்ளையோட சமாதியில மொளச்ச எலையையா கல்யாண மண்டபத்து வாசல்ல வெக்கிறானுக?" என்றார். அன்று சாயங்காலமே டெம்போவுக்குப் போன் போய்விட்டது. டெம்போக்காரர் வரவில்லை, தூண் வேப்பமரத்தடியிலேயே கிடக்கிறது, கோழி அடைகிறது. நியாயத்தைச் சொல்லி ஜெயிக்க நினைத்தேன். சகுனம் ஜெயித்துக் கொடுத்தது. கொஞ்சம் வெட்கம்தான். ஆனாலும் திருப்பிக் கேட்கவில்லை.

அப்புறம் தூணுக்கு என்ன செய்வது? கொங்கு நாட்டில் இந்தக் கேள்விக்குப் பதில் ஒவ்வொரு வேலியிலும் நிற்கிறது. கல்லுக்கால். கருங்கல் இல்லாத ஊரா இது? ஒரு அடிக்கு ஒரு அடி சதுரம், ஏழடி உயரம் என்று கல் பட்டறையில் சொன்னேன். ஒன்றுக்கு ஏழு. கிரேக்கத் தூண் வகைகளில் தடித்தது டோரிக். அதன் உயரத்தைத் தூண் தடிமனுக்கு ஏழு மடங்காக வைத்தார்கள் என்று அதே புத்தகம்தான் சொல்கிறது. ஆண்பிள்ளை உடம்புக் கணக்கில் முதலில் ஆறு மடங்கு, பின்னால் வந்தவர்கள் அதை ஏழாக்கினார்களாம். கல் பட்டறைக்காரர் இதையெல்லாம் கேட்கவில்லை. "ஒரு கல்லு அரை டன் வருமுங்க, எறக்கறதுக்கு ஆள் வெச்சிருக்கீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

எவ்வளவு தூரத்துக்கு ஒரு தூண் என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. தூணுக்கும் தூணுக்கும் இடைவெளியை விட்ருவியஸ் ஐந்து வகையாகப் பிரிக்கிறார். மிக நெருக்கமான வகையில், தூண் தடிமனில் ஒன்றரை மடங்குதான் சந்து. அதற்கு அவர் சொல்லும் குறை: கோயிலுக்கு வரும் குடும்பப் பெண்கள் ஒருத்தர் தோளில் ஒருத்தர் கைபோட்டுச் சேர்ந்து நுழைய முடியாது, கையை விட்டுவிட்டு ஒருத்தர் பின்னால் ஒருத்தராகத்தான் போக வேண்டும். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் ஒரு எஞ்சினியர் இதைக் குறையென்று எழுதி வைத்திருக்கிறார். நான் வரைந்த எத்தனையோ காம்ப்ளெக்ஸ் படிக்கட்டில் இரண்டு பேர் சேர்ந்து ஏற முடியாது. யாரும் கேட்டதில்லை, நானும் நினைத்ததில்லை. ரொம்ப அகலமான வகைக்கும் அவர் ஒரு எச்சரிக்கை வைத்திருக்கிறார்: அங்கே கல் உத்திரம் போடாதே, மரம் போடு. கல் பாரத்தைத் தாங்கும், வளைவைத் தாங்காது. நம் கோயில் மண்டபங்களில் தூண்கள் காடு மாதிரி நெருக்கமாய் நிற்பதற்கும் அதுதான் காரணம்.

எங்களுக்குக் கடை அகலம் பத்தடி. கடைக்கு ஒரு தூண் என்று வைத்தால் நடுவில் ஒன்பதடி. இரண்டு பெண்கள் கையில் பையோடும் இடுப்பில் குழந்தையோடும் தாராளமாய்ப் போகலாம். உத்திரத்துக்கு மரம் எங்கே போவது? இரண்டாவது பங்காளியின் பழைய ரைஸ்மில் குடோனை இடிக்கப் போவதாகப் பேச்சு. தேக்கு உத்திரமும் மங்களூர் ஓடும் அங்கிருந்தே வந்தன. பத்தாத இடத்துக்கு இரும்பு கர்டர் போட்டோம். நெல் தூசி வாசம் இன்னும் அந்த உத்திரங்களில் அடிக்கிறது.

தூணின் அடிப்பக்கத்தை எப்படி விடுவது என்பதற்கு ஏதென்ஸில் ஒரு விடை கிடைத்தது. பெர்கமத்து அரசர் இரண்டாம் அட்டலோஸ் அந்த ஊர்ச் சந்தைவெளிக்குக் கட்டிக்கொடுத்த ஸ்டோவா. கிறிஸ்துவுக்கு முன் 2ஆம் நூற்றாண்டு. சுமார் 115 மீட்டர் நீளத் தாழ்வாரம், இரண்டு தளத்திலும் 21, 21 ஆக 42 கடைகள். நம்முடைய காம்ப்ளெக்ஸுக்குப் பெரியண்ணன். இடிந்து கிடந்ததை 1950களில் மறுபடி கட்டி நிறுத்தியிருக்கிறார்கள். அதன் வெளித்தூண்களில் மேலே நீளவாக்கில் பள்ளம் பள்ளமாகச் செதுக்கியிருக்கும்; ஆனால் கீழ் மூன்றில் ஒரு பங்கு மொழுமொழுவென்று விட்டிருப்பார்கள். கூட்டம் உரசும், மூட்டை இடிக்கும், செதுக்கியது உடையும் என்றுதான். படத்தைப் பார்த்ததும் எனக்கு எங்கள் ஊர் டீக்கடைத் தூண் ஞாபகம் வந்தது. முதுகு உயரத்துக்கு எண்ணெய்க் கறை, கை உயரத்துக்கு வெற்றிலைச் சுண்ணாம்பு. எந்தக் காலத்திலும் மனுஷன் தூணில் சாய்வான். நாங்கள் நாலடி வரைக்கும் மழமழவென்று தேய்த்து, அதற்கு மேலே மட்டும் உளி கொத்தினபடி விட்டோம்.

தூணுக்கும் தூணுக்கும் நடுவில், ஒன்றுவிட்டு ஒன்று, 16 அங்குல உயரத்தில் திண்ணை. ரோட்டோரத் தூணுக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு சுமைதாங்கி. பெரியப்பா கேட்டு வைத்தது. கர்ப்பமாய் இருக்கும்போது செத்துப்போன அவருடைய தங்கச்சி பேரில் முன்னே அந்த ரோட்டில் ஒன்று இருந்ததாம். ரோடு அகலப்படுத்தியபோது போய்விட்டது. இரண்டு கல்லும் மேலே ஒரு குறுக்குக் கல்லும். இன்றைக்குத் தலைச்சுமை யார் தூக்குகிறார்கள் என்று நான் கேட்கவில்லை. இப்போது அதன்மேல் ஜனங்கள் பையை வைத்துவிட்டு போன் பேசுகிறார்கள்.

பங்காளிகள் கூட்டத்தைப் பற்றிச் சுருக்கமாய்ச் சொல்லிவிடுகிறேன், நினைத்தாலே தலைவலி. ஒரே கேள்வி: "வண்டி எங்க நிறுத்தறது?" கார்ல வர்றவன்தான் காசு வெச்சிருப்பான் என்பது மூன்றாவது பங்காளியின் சித்தாந்தம். ஒரு நாள் முழுக்க டீக்கடையில் உட்கார்ந்து எண்ணினேன். காரில் வந்தவர்கள் என் இரண்டு கை விரலுக்குள் அடங்கினார்கள். மிச்சம் பேர் நடந்தும் பஸ்ஸிலும் பைக்கிலும்.

இந்தக் கார்க் கணக்கில் ஏமாந்தவர்களில் பெரிய ஆள் விக்டர் குரூன். வியன்னாக்காரர், 1938இல் நாஜிகளுக்குத் தப்பி அமெரிக்கா போனவர். டெட்ராய்ட் பக்கம் 1954இல் திறந்தவெளிக் கடைத்தொகுதி ஒன்றையும், 1956இல் மினசோட்டாவில் சவுத்டேல் என்று கூரை மூடிய ஏசி மாலையும் வடிவமைத்தார். நம் ஊர் மால்களுக்கெல்லாம் பாட்டன் அந்த சவுத்டேல்தான். அவர் நினைத்தது வியன்னா ஊர் நடுச் சதுக்கத்தை அமெரிக்காவில் உண்டாக்கலாம் என்று. கிடைத்தது கார்க்கடலுக்கு நடுவில் ஒரு பெட்டி. கடைசியில் வியன்னாவுக்கே திரும்பிப் போய், இந்த மால்களுக்கெல்லாம் நான் தகப்பன் இல்லை என்று கைகழுவிவிட்டார். அதே அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து மாஷ்பீயில், 1960களில் கட்டிய ஒரு கடைத்தொகுதியின் பார்க்கிங் நிலத்தை 1986 முதல் வீதிகளாக வெட்டி, ஊர்த்தெரு மாதிரி ஆக்கிக்கொண்டு வந்தார்கள். இதைப் படத்தோடு காட்டினேன். மூன்றாவது பங்காளி, "அமெரிக்காக்காரன் பண்ணுவான், அவனுக்கென்ன" என்றார். அவருடையது வடக்குப் பார்த்த வரிசை. வெயிலால் அவருக்கு ஒரு கஷ்டமும் இல்லை. செலவில் கலந்துகொள்ளாததற்கு அதுவே நிஜக் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. அவர் தன் பக்கத்துக்கு ஏசிபி ஷீட் என்கிற மினுமினுக்கும் அலுமினியத் தகடு அடித்துக்கொண்டார்.

ஆக, மூன்றில் இரண்டு வரிசைதான் நடந்தது. 26 தூண். பைக்குகள் ரோட்டோர இருபதடிக்குப் போய்விட்டன. நடுவில் 16 அடி மேடை, அதில் இரண்டு வரிசை புங்கங்கன்று. மண்டபம் மாதிரிக் கூரை போட ஆசைப்பட்டேன், பணம் நின்றுவிட்டது. மரமே கூரையாகட்டும் என்று விட்டோம். பூம்புகாரின் நாளங்காடி, அதாவது பகல் சந்தை, அப்படித்தானே இருந்தது. மருவூர்ப்பாக்கத்துக்கும் பட்டினப்பாக்கத்துக்கும் நடுவில், நெருங்கி வளர்ந்த சோலை மரங்களே கடைகளுக்குக் காலாக நிற்க, கொடுப்பவர் சத்தமும் கொள்பவர் சத்தமும் ஓயாது கேட்டது என்று சிலப்பதிகாரம் சொல்கிறது. கிளாசிக்கல் என்று பார்த்தால் தமிழில் அதைவிடக் கிளாசிக்கல் ஏது?

இனி என் தப்பு. தாழ்வாரம் இறங்கின மறுநாளே வடக்கு வரிசையில் சண்டை. நான் நிழலைக் கணக்குப் போட்டேன், கல்லைக் கணக்குப் போட்டேன். போர்டைக் கணக்குப் போடவில்லை! ஷட்டருக்கு மேலே இருந்த கடைப் பெயர்ப் பலகை எல்லாம் ஓட்டுக்குப் பின்னால் மறைந்துவிட்டது. மூன்றாவது நாள் போய்ப் பார்த்தால், தாழ்வார விளிம்பு நெடுக ஃப்ளெக்ஸ் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். காற்றும் இல்லை, வெளிச்சமும் இல்லை. ஆடிக்காற்றில் பாலக்காட்டுக் கணவாயிலிருந்து அடித்த அடியில் அத்தனையும் கிழிந்து படபடவென்று அடித்துக்கொண்டன. அரை டன் கல்லுக்கு மேலே பிறந்தநாள் வாழ்த்து ஃப்ளெக்ஸ் ஒன்றும் ஆடிக்கொண்டிருந்தது. அழுகையே வந்துவிட்டது.

தையல்கடை அக்காதான் வழி சொன்னார். "போர்டை ஏனுங்க தம்பி ரோட்டப் பாத்து வெக்கறீங்க? இப்பத்தான் ஆளுக உள்ளுக்குள்ள நடக்கறாங்கல்ல, நடக்கறவங்களப் பாத்து வெய்யுங்க." உத்திரத்தில் குறுக்குவாட்டாக, இரண்டடிக்கு ஒன்றரை அடியில் ஒரு தகரப் பலகை. தாழ்வாரத்தின் ஒரு முனையில் நின்றால் பதினைந்து கடைப் பெயரும் வரிசையாகத் தெரிகிறது. ஐந்து பேர் இன்னும் ஃப்ளெக்ஸை எடுக்கவில்லை. ஐப்பசி மழையில் ஓட்டுத் தண்ணீர் நேராகத் திண்ணையில் கொட்டியது தனிக் கதை. தகரத் தாரை அடித்துச் சரிசெய்தோம்.

திண்ணைக்கு முதலில் வந்தவர்கள் கடைக்கு வந்தவர்கள் இல்லை. பஸ்ஸுக்குக் காத்திருந்த கிழவர்கள். "சும்மா உக்காந்துட்டு எடத்த அடைக்கறாங்க" என்று கடைக்காரர்கள் முறையிட்டார்கள். பெரியப்பா கேட்டுக்கொள்ளவில்லை. அவரும் அங்கேதான் உட்காருகிறார். பிறகு ஒரு திங்கட்கிழமை சந்தையில் இடம் கிடைக்காத பூக்கார அக்கா ஒருத்தர் மேடையில் கூடையை இறக்கினார். அடுத்த வாரம் கீரை. அதற்கடுத்து வளையல், கத்தி சாணை பிடிக்கிறவர். மேடை வாடகை வாங்கலாமா என்று பேச்சு வந்தபோது நான் வாயைத் திறக்கவில்லை. பெரியப்பா, "சந்தைக்காரங்கிட்டச் சுங்கம் வாங்கறது நம்ம வேலையில்ல" என்று முடித்துவிட்டார். மதுரைப் புதுமண்டபத்தைத் திருமலை நாயக்கர் வசந்த விழாவுக்குத்தான் கட்டினார். அதில் தலைமுறை தலைமுறையாகத் தையல் மெஷின் ஓடியது. நல்ல தூணும் நிழலும் இருந்தால் யார் வந்து உட்காருவார்கள் என்பதைக் கட்டினவன் தீர்மானிக்க முடியாது போலிருக்கிறது.

பூட்டின ஷட்டர் இப்போது ஒன்பது. அதில் ஆறு மூன்றாவது பங்காளி பக்கம். அவர் போன மாசம் என்னைக் கூப்பிட்டு, கல் பட்டறை நம்பர் மட்டும் கேட்டார். எதற்கென்று நான் கேட்கவில்லை.

மேற்குப் பார்த்த வரிசைதான் இன்னும் தீரவில்லை. காலை வியாபாரமான பால் பூத்தையும் இட்லிக் கடையையும் அங்கே மாற்றினோம். நூலகமும் படுக்கையறையும் கிழக்கே பார்க்கட்டும் என்று திசைக்குத் தக்கபடி அறைகளைப் பிரித்த விட்ருவியஸுக்கு இது பிடித்திருக்கும். ரெடிமேட் கடைக்காரர் வடக்கு வரிசைக்குப் போய்விட்டார். பாத்திரக் கடை அம்மா மட்டும் இடம் மாற மாட்டேன் என்றுவிட்டார். அவருடைய வீட்டுக்காரர் இருந்தபோது பிடித்த கடை. மூங்கில் தட்டி தொங்கவிட்டிருக்கிறார். போன பங்குனியில் போனபோது கடை வாசல் தரையில் சாக்பீஸ் கோடுகள் பார்த்தேன். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நாலரை மணிக்கு வெயில் எதுவரைக்கும் வருகிறது என்று கோடு போட்டு வைக்கிறாராம். மரம் வளர வளர வெயில் எவ்வளவு பின்வாங்குகிறது என்று பார்க்க.

"என்னங்க, கொறஞ்சிருக்குதுங்களா?" என்றேன்.

"நாலு வெரக்கடை" என்றார். வாசலுக்கு எதிரே நின்ற புங்கன் தளிர்விட்டிருந்தது. பக்கத்தில் போய் நின்று பார்த்தேன். என் தோள் உயரம் இருந்தது.